எழுபத்து நான்கு

லாபிஸ் ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம்
ஆ கியோங் கடையில்
பல்சக்கரங்கள் ஊறுகாய்ப் பாக்கெட் மாதிரி தொங்கும்,
ஒவ்வொன்றாக.
ஜோடியாக விற்பதில்லை.
ஜோடி உன் பாடு என்பார் தவுக்கே.

பூபாலன் இருபத்தொரு பல் வாங்கி வந்தான்,
சின்னச் சக்கரம், முப்பத்தெட்டு ரிங்கிட்.
பையை என் முகத்துக்கு நேரே ஆட்டினான்.
"நேர்ப்பாதையில இனி எவனும் கிட்ட வர முடியாது."
பெரியது எங்கே என்றேன்.
எந்தப் பெரியது என்றான்.

பாசிர் கூடாங்குக்கு எண்ணெய் டாங்கர் ஓட்டுகிறவன்.
எண்பதைத் தாண்டினால்
கம்பெனிக்கு மணி அடித்துவிடும்.
வேகத்தையெல்லாம் சனிக்கிழமைக்குச் சேர்த்து வைப்பான்.

வண்டி நிஜத்தில் ஐந்தில் ஒரு பங்கு.
இரண்டு பேர் போனஸையும் கொட்டி
குளுவாங்கில் ஒரு பல் டாக்டரிடம் வாங்கினோம்.
பல் டாக்டர்தான், சத்தியமாக.
எஞ்சின் இருபத்தாறு சிசி,
புல்வெட்டி மிஷினுக்குத் தம்பி முறை.
தூக்கினால் ஒரு வயசுப் பிள்ளை கனம்.

இரண்டு அச்சுக்கும் நடுவே தூரம் ஒன்றுதான்.
எஞ்சின் நான்கு திருகில் உட்கார்ந்திருக்கிறது,
யாருக்காகவும் நகர்ந்து கொடுக்காது.
ஆகவே
பதினேழு என்றால் ஐம்பத்தேழு,
பத்தொன்பது என்றால் ஐம்பத்தைந்து.
எப்படிக் கூட்டினாலும் எழுபத்து நான்கு.
சின்னது இரண்டு பல் கேட்டால்
பெரியது இரண்டு பல் விட்டாக வேண்டும்.

நான் ஆலையில் எடைமேடைக் கணக்கு.
குலையோடு வரும் லோரி, வெறுமனே போகும் லோரி,
கழித்தால் வருவதுதான் உண்மை.
கூட்டலை நான் நம்புவதில்லை,
அதற்குள் எவரும் ஒளிந்துகொள்ளலாம்.
இந்த எழுபத்து நான்கில் மட்டும்
ஒளிய இடமில்லை.

எங்களுக்குப் பத்தில் ஆறு பொருத்தம்.
போதும் என்றார் ஜோசியர்.
இங்கே எழுபத்து மூன்று போதாது;
இடைவெளி விழும், பல் பல்லைத் தின்னும்.

அவன் இருபத்தொன்றைப் பழைய ஐம்பத்தேழோடு
வைத்து அழுத்தினான்.
திருகு துளைக்கு எட்டவில்லை.
ரப்பர் சுத்தியலைத் தேடினான்.
நான் அதன்மேல் உட்கார்ந்திருந்தேன்.

புதன்கிழமை சிகாமாட்டிலிருந்து
ஐம்பத்து மூன்று வந்தது.
பற்களுக்கு நடுவே எடைச்சீட்டு ஒன்றை நுழைத்துச் சுற்றினேன்.
மடிப்பு மடிப்பாய் வெளியே வந்தது,
கிழியவில்லை.
பார்த்தாயா என்றான்.
பார்த்தேன். சக்கரத்துக்குச் சக்கரம் பொருத்தம்தான்.
மண்ணுக்கு?

சனிக்கிழமை மதியம் மழை.
இரண்டாம் டிவிஷன் திடல்
செம்மண் குழம்பாய்க் கிடந்தது.
ஏழு வளைவு. நேர்ப்பாதை என்று இருந்தது
ஐந்து பனை நீளம்.
ஒவ்வொரு வளைவிலும் எங்கள் வண்டி
மூச்சு முட்டி நின்று,
யோசித்து, கதறி,
வேகம் பிடிக்கும்போது அடுத்த வளைவு வந்திருக்கும்.
அஸ்ரியின் பதினேழு பல்
உடும்பு மாதிரி மண்ணைப் பற்றி ஓடியது.
மூன்று முறை எங்களைக் கடந்தான்,
மூன்றாவது முறை பாவப்பட்டு
மெதுவாக.
ஆறாம் சுற்றில் கிளட்ச் கருகும் வாசம்
பூரான் கறிவண்டி வரைக்கும் போனது.

ராத்திரி அவன் டார்ச் பிடித்தான், நான் கழற்றினேன்.
மைலோ டின்னில் பழைய பதினேழு கிடந்தது.
எடுத்துக் காட்டினேன்.
"பதினேழுன்னா தள்ளுவண்டி, குமுதினி."
"இருபத்தொண்ணுன்னா அடுப்பு."
வெகு நேரம் பேச்சில்லை.
டார்ச் வெளிச்சம் மட்டும் என் கையிலிருந்து
மெல்ல நழுவிச் சுவருக்குப் போனது.
பிறகு அவன்தான் சொன்னான்:
அஸ்ரிகிட்ட ஒரு ஐம்பத்தைந்து சும்மா கிடக்காம்,
ஜோடி உடைஞ்சு போச்சாம்.

திங்கள் காலை ஒன்பதரை.
மேடையில் ஒரு லோரி, முள் இன்னும் நிற்கவில்லை.
போன் அதிர்ந்தது.
"பத்தொன்பது தொங்குது. நாப்பது ரிங்கிட்."

முள் நின்றது. எடையைக் குறித்தேன்.
பிறகு அடித்தேன்:
எடு.